ஒவ்வொரு தையலும் ஓர் ஓட்டை

மேருவிலிருந்து காப்பார், ஜெராம் வழியாகக் கோல சிலாங்கூர் வரை சைக்கிள் மிதித்தால் வழியில் மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை. கடைசியில் புக்கிட் மெலாவத்தி குன்று மட்டும் நிற்கிறது. மற்றபடி செம்பனை, வாய்க்கால், துறைமுகத்துக்கு ஓடும் லாரி, பிற்பகலில் மழை. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் அதிகமாகப் பெய்கிறது. ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் இடியோடு கொட்டத் தொடங்கினால் சாலையோர வாய்க்கால் நிரம்ப அரைமணி நேரம் போதும். இந்த ஊரில் சைக்கிள் பை தைக்க உட்காருகிறவர் முதலில் படிக்க வேண்டியது தண்ணீரைத்தான். நிறமும் அழகும் எத்தனை அறை என்ற கணக்கும் அதற்குப் பிறகு.

பல ஆண்டுகளாக என் சைக்கிளுக்கு வேண்டிய பைகளை நானே தைத்துக்கொள்கிறேன். சட்டத்தின் முக்கோணத்துக்குள் உட்காரும் பை, ஹேண்டிலுக்கு முன்னால் கட்டும் உருளைப் பை, இருக்கைக்குப் பின்னால் நீளும் பை, கருவிகளைச் சுருட்டி வைக்கும் துணி. கடைகளில் நல்ல பைகள் கிடைக்கின்றன, அதை மறுக்க மாட்டேன். ஆனால் கடைப் பை ஒரு நடுத்தர அளவுச் சட்டத்தை மனத்தில் வைத்து வெட்டப்படுகிறது. குள்ளமானவர் சைக்கிளில் அது தண்ணீர்ப் புட்டியை இடிக்கும், உயரமானவர் சைக்கிளில் மூலையில் இடத்தை வீணாக்கும். பெரும்பாலும் குளிர்நாட்டுச் சாலையை எண்ணி வடிவமைத்தவை அவை. இங்கே வெயிலும் புழுக்கமும் மழையும் ஒரே பிற்பகலில் வந்து போகின்றன.

தண்ணீர் மூன்று வழியில் வருகிறது. மேலிருந்து விழும் மழை மூன்றிலும் எளியது. சுமாரான பைகூட அதைச் சிறிது நேரம் தாங்கும். இரண்டாவது, சக்கரம் வாரி அடிப்பது. இருக்கைப் பையின் அடிப்பக்கத்தில் மணலும் எண்ணெயும் கலந்த தண்ணீர் இடைவிடாமல் மோதுகிறது. அது தேடுவது ஒரு சின்ன வழிதான், கிடைத்தால் நுழைந்துவிடும். மூன்றாவது, உள்ளே இருந்து வருவது. ஈரச் சட்டையை மடித்து வைத்து வாயை இறுக மூடினால், மறுநாள் காலை பைக்குள் பூஞ்சை வாடை அடிக்கும். முதல் இரண்டையும் தடுத்துவிட்டு மூன்றாவதை மறந்தவர் பாதி வேலைதான் செய்திருக்கிறார்.

பூச்சு பூசிய துணி தண்ணீரை நிறுத்திவிடும். நாம் ஊசியால் குத்திய இடத்தில் நிறுத்தாது. 16ஆம் எண் ஊசியின் தண்டு 1 மில்லிமீட்டர் தடிமன், 18ஆம் எண் ஊசி 1.1 மில்லிமீட்டர். தையலை 3 மில்லிமீட்டர் நீளத்துக்கு வைத்தால் ஒரு மீட்டரில் 300க்கு மேல் ஓட்டைகள். முக்கோணப் பையின் இரு பக்கச் சுற்றையும் ஸிப்பையும் பட்டைகளையும் கூட்டிப் பார்த்தால் ஆயிரத்தைத் தாண்டும். ஓட்டை போடாமல் தைக்க முடியாது. அவற்றை எங்கே போடுவது என்று தீர்மானிப்பதே பை தைக்கும் கலை என்று நான் நம்புகிறேன். மிஷின் ஓட்டுவதை ஒரு மாதத்தில் பழகிவிடலாம். இந்தத் தீர்மானம் கைவர நாளாகும்.

இந்தச் சிக்கலை உலகம் இரண்டு விதமாகத் தீர்த்திருக்கிறது. இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில், நெல்சன் என்னும் ஊரில், 1932இல் தொடங்கிய காரடைஸ் நிறுவனம் இன்றும் கெட்டிப் பருத்தித் துணியில் சைக்கிள் பை தைக்கிறது. பருத்தி நனைந்தால் உப்பும். துணியின் இழையும் உப்பும், பருத்தி சுற்றிய தையல் நூலும் உப்பும், ஊசி போட்ட ஓட்டையை நூலே அடைத்துக்கொள்ளும். ஓட்டையைத் தைத்த நூலைக் கொண்டே மூடும் அந்த அறிவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை வருகிறது. இரண்டாவது வழி ஜெர்மனியில் பிறந்தது. இளைஞரான ஹார்ட்முட் ஒர்ட்லீப் தென் இங்கிலாந்தில் சைக்கிள் பயணம் போனபோது மழையில் நனைந்தார். பக்கத்தில் போன லாரிகளின் தார்ப்பாய்க்கு அடியில் சரக்கு நனையாமல் இருப்பதைக் கவனித்தார். ஊர் திரும்பி அம்மாவின் தையல் மிஷினில் தார்ப்பாய்த் துணியைக் கொண்டு பை தைத்தார். 1982இல் அது நிறுவனமாயிற்று. பிற்பாடு அவர்கள் தையலையே விட்டுவிட்டுத் துணியின் ஓரங்களை உருக்கி ஒட்டும் முறைக்குப் போனார்கள். ஊசியே இல்லையென்றால் ஓட்டையும் இல்லை.

வீட்டில் தைப்பவருக்கு இரண்டும் முழுதாகக் கைகொடுக்காது. பருத்தி நம் புழுக்கத்தில் காயச் சுணங்கும், கருப்புப் புள்ளி விழும், எடையும் கூடும். உருக்கி ஒட்டும் இயந்திரம் வீட்டில் வைக்கக்கூடியது அல்ல. நமக்கு இருப்பது மூன்றாவது வழி: குறைவாகத் தைப்பது, சரியான இடத்தில் தைப்பது, தைத்த இடத்துக்கு உள்ளே பட்டை ஒட்டியோ பசை தடவியோ மூடுவது.

குறைவாகத் தைப்பது என்றால் வெட்டும்போதே தொடங்க வேண்டும். இருக்கைப் பைக்கு அடித்துணி தனி, பக்கத்துணி தனி என்று வெட்டினால் அடியில் இரண்டு தையல் விழும், சக்கரத்துத் தண்ணீருக்கு நேர் எதிரே. அதற்குப் பதிலாக அடியும் இரு பக்கமும் ஒரே துண்டாக வரும்படி வெட்டி மடித்தால், தையல் மேலே ஏறிவிடும். துணி கொஞ்சம் வீணாகும், வெட்டுவதற்கும் யோசிக்க வேண்டும். ஆனால் அந்தப் பை அடைமழையில் செய்யும் வேலை வேறு. முக்கோணப் பையிலும் அப்படியே. கீழ்முனை, பெடல் அச்சுக்கு மேலே உள்ள அந்தக் கூர்மூலையில், தண்ணீர் வந்து தேங்கும். அங்கே இரண்டு தையல் சந்திக்கக் கூடாது. மூலையைச் சற்று உருட்டி வெட்டி, துணியை முழுதாக வளைத்துக் கொண்டுவர வேண்டும். உள்ளே ஏறிய தண்ணீர் வெளியேற அதே மூலையில் ஒரு சின்ன உலோகக் கண்ணும் வைக்கலாம். எவ்வளவு அடைத்தாலும் எங்கோ கொஞ்சம் புகும், புகுந்தது போக வழி வேண்டும்.

முக்கோணப் பை இவ்வளவு பரவியதற்கு அலாஸ்காவின் பனிப்பாதைகளில் சைக்கிள் ஓட்டியவர்கள் முக்கியக் காரணம். ஆங்கரேஜில் எரிக் பார்சன்ஸ் தைக்கத் தொடங்கிய பைகள் ரெவலேட் டிசைன்ஸ் ஆயின. அவர்களுடைய அறிவு பெரியது, நான் அதிலிருந்து நிறையக் கற்றேன். ஆனால் உறைபனி ஓட்டை வழியாக வழிந்து இறங்காது. பக்கவாட்டில் நீளமாக ஸிப் வைத்த அந்த அமைப்பை அப்படியே காப்பார் சாலைக்குக் கொண்டுவருவது சரிப்படாது என்பது என் கருத்து. ஸிப்பை மேல் விளிம்புக்கு அருகே ஏற்றி, அதன் மேல் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துணி மூடி தொங்கவிடுகிறேன். பார்க்கக் கொஞ்சம் பழைய பாணிதான், இருக்கட்டும்.

துணியைப் பற்றிக் கேட்பவர்கள் முதலில் கேட்பது டெனியர். 9,000 மீட்டர் இழை எத்தனை கிராம் எடையோ அதுவே அதன் டெனியர். 500 டெனியர் நைலான் வீட்டு மிஷினுக்கு இணங்கும், சைக்கிளுக்குப் போதுமான உறுதியும் உண்டு. 1,000 டெனியர் முரட்டுத்தனம், மடிப்பு நான்கு அடுக்கு சேரும் இடத்தில் மிஷின் முனகும். கார்டுரா என்று கேட்டு வாங்குவோர் நூலின் தரத்துக்குப் பணம் தருகிறார்கள். நான் அதைவிடக் கவனமாகப் பார்ப்பது துணியின் பின்பக்கத்துப் பூச்சை. பெரும்பாலும் அது பாலியூரித்தேன். இந்தப் பூச்சுக்கு நம் ஊர்க் காற்று பகை. ஈரமும் சூடும் சேர்ந்து நாளடைவில் அதை வேதியியல் முறையில் உடைக்கின்றன. முதலில் பிசுபிசுக்கும், பிறகு புளித்த வாடை, கடைசியில் தோல் உரிவதைப் போல உதிரும். பயன்படுத்தாமல் அலமாரியில் பூட்டி வைத்த பைதான் பயன்படுத்திய பையைவிடச் சீக்கிரம் இப்படிக் கெடுகிறது. சிலிகான் பூச்சுக்கு இந்த நோய் இல்லை, ஆனால் அதன் மேல் சாதாரண ஒட்டுப்பட்டை பிடிக்காது, தையலைச் சிலிகான் பசையால்தான் மூட வேண்டும். பிவிசி தார்ப்பாய் கனம், ஆனால் நீடிக்கும். அடிப்பக்கத்துக்கு மட்டும் தார்ப்பாய், மற்ற இடத்தில் 500 டெனியர் நைலான், இதுதான் நான் வந்து நின்ற இடம்.

தார்ப்பாய்க்கு நாங்கள் அலைய வேண்டியதில்லை. கிள்ளான் துறைமுகம் இருக்கும்வரை லாரிக்குக் கேன்வாஸ் தைக்கும் கடைகளும் இருக்கும். அங்கே வெட்டு மிச்சம் கேட்டால் கிடைக்கும். சோபா, குஷன் செய்யும் சிறு தொழிற்கூடங்களில் கெட்டி நூலும் மெல்லிய ஸ்பாஞ்சும் உண்டு. ஊசி, பாபின், சாதாரண நூல் எல்லாம் தெங்கு கிளானா சாலையிலோ பிரிக்பீல்ட்ஸிலோ புடவை, ரவிக்கைக் கடைகளோடு சேர்ந்தே கிடைக்கின்றன. ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் துணிக்கடைகள் வேறு வகை இன்பம், ஆனால் பைக்கு உதவும் துணி அங்கே அபூர்வம். கொக்கிகளையும் பட்டைகளையும் இப்போது பலரும் ஷாப்பியில் வாங்குகிறார்கள், நானும்தான். 2022 நவம்பர் பொதுத் தேர்தல் முடிந்தபோது எங்கும் பதாகைகள் மிஞ்சின. அந்தத் துணி மடித்த இடத்தில் வெடிக்கும், வெயிலில் நொறுங்கும், உண்மையான பைக்கு ஆகாது. ஒத்திகைப் பை தைக்க அதைவிட நல்லது இல்லை.

நூலிலும் ஒரு தேர்வு இருக்கிறது. நைலான் நூல் இழுவை வலிமையில் முந்தும், வெயிலில் பாலியஸ்டர் நூல் முந்தும். சைக்கிள் பை நாள் முழுக்க வெயிலில் நிற்பது. நான் பாலியஸ்டர் பக்கம். பருத்தி நூலை இங்கே தொடவே வேண்டாம்.

கிள்ளானில் சைக்கிளில் சுமை கட்டுவது புதிய கலை அல்ல. பால்மரத் தோட்டங்களில் எங்கள் பாட்டன்மார் சைக்கிளில்தான் வாளியையும் விறகையும் அரிசி மூட்டையையும் கொண்டு போனார்கள். பழைய டியூபை நீளமாக வெட்டிய ரப்பர்ப் பட்டைதான் கட்டும் கயிறு. அது ஈரத்தில் வழுக்காது, சாலை குலுக்கினாலும் தளராது, இன்றும் என் கருவிச் சுருளை அதனால்தான் கட்டுகிறேன். அந்த சைக்கிள் ஒரு வண்டிக்கு மேலான பொருளாகவும் இருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன் முன்னின்ற அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளில் சம ஊதியம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், கள்ளுக்கடை மூடல், மருத்துவம், பெண்களுக்குப் பாதுகாப்பு ஆகியவற்றோடு இன்னொன்றும் இருந்தது: வெள்ளைக்கார துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிர் விட்டார்கள். இந்த வட்டாரத்தில் இறங்காமல் சைக்கிள் மிதித்துப் போவது ஒரு காலத்தில் கேட்டுப் பெற வேண்டிய உரிமை. அதைத் தெரிந்துகொண்ட பிறகு சைக்கிளுக்குச் செய்யும் எந்த வேலையையும் என்னால் அலட்சியமாகச் செய்ய முடியவில்லை.

இனிப் பட்டை. பை கிழிவது பெரும்பாலும் துணியில் அல்ல, பட்டை சேரும் இடத்தில். ஒரு தையலை அதன் நீளப்போக்கில் இழுத்தால் எல்லா முடிச்சும் சேர்ந்து சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும். ஓரத்திலிருந்து உரிப்பதுபோல் இழுத்தால் முதல் முடிச்சு மட்டும் முழுச் சுமையையும் ஏற்கும், அது அறுந்ததும் அடுத்தது, அப்படியே வரிசையாகப் போகும். ஆகவே பட்டை எந்தத் திசையில் இழுபடப் போகிறது என்று முதலில் சைக்கிளில் கட்டிப் பார்த்துப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு, அந்தத் திசையிலேயே அதைப் படுக்க வைத்துத் தைக்க வேண்டும். உள்ளே ஒரு துண்டு கெட்டித்துணி வைத்து, ஒரு கட்டமும் அதற்குள் பெருக்கல் குறியும் போட்டால் சுமை பரவும். இன்னும் நல்லது, பட்டையைப் பையின் குறுக்குத் தையலுக்குள் செருகி, அடிப்பக்கத்தைச் சுற்றி எதிர்ப்பக்கம் வரை ஒரே பட்டையாக ஓடவிடுவது. அப்போது சுமையைத் தாங்குவது பட்டை, பை வெறுமனே அதன் மேல் உட்கார்ந்திருக்கும். தையலும் குறையும், ஓட்டையும் குறையும். இந்த ஒரு யோசனைக்காகவே நான் பழைய பைகளை எல்லாம் பிரித்துத் திரும்பத் தைத்தேன்.

நைலான் பட்டையை வெட்டியதும் முனையை நெருப்பில் காட்டி உருக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிரியும். இது எல்லோருக்கும் தெரியும். உருக்கிய முனை ஆறிய பின் கூராக நிற்கும், அது தொடையில் உராயாத பக்கம் இருக்க வேண்டும் என்பதைப் பலர் பார்ப்பதில்லை.

அளவு எடுப்பதில் அவசரம் கூடாது. அட்டைப்பெட்டியைப் பிரித்துச் சட்டத்துக்குப் பின்னால் பிடித்து, உள்விளிம்பைக் கோடிட்டு, அதிலிருந்து எல்லாப் பக்கமும் சில மில்லிமீட்டர் உள்ளே தள்ளி வெட்டுகிறேன். பை நிறைந்தால் பக்கவாட்டில் உப்பும். அதற்குத்தான் அகலத்தை 5, 6 சென்டிமீட்டருக்குள் அடக்குவது. அதற்கு மேல் போனால் முழங்கால் உரசும், நீண்ட தூரத்தில் அது தோலையே தேய்த்துவிடும். கெட்டியான பொருள்களை வைப்பவர்கள் நடுவில் ஒரு தடுப்புத் துணி தைத்து இரு பக்கத்தையும் பிணைத்தால் உப்பாது. ஹேண்டில் பையில் பார்க்க வேண்டியது வேறு: பிரேக் கம்பிகள் மடங்காமல் வளைய இடம் விட வேண்டும், சக்கரத்துக்கும் பைக்கும் இடையே கைமுஷ்டி நுழையும் இடைவெளி வேண்டும். இருக்கைப் பை ஆடும். அடியில் கெட்டி பிளாஸ்டிக் தகடு ஒன்று வைத்து, கனமான பொருளை இருக்கைத் தண்டுக்கு அருகே அடைத்தால் ஆட்டம் குறையும்.

என் மிஷின் அம்மாவுடையது, கருப்பு இரும்பு சிங்கர், நேர்த்தையல் மட்டும் போடும். அம்மா அதில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சட்டை தைத்தார். புது மிஷின்கள் செய்யும் வித்தைகள் இதற்குத் தெரியாது, ஆனால் சக்கரத்தைக் கையால் சுற்றி நான்கு மடிப்பையும் ஒரு பட்டையையும் கடக்க வைக்கலாம். மடிப்பு தடித்த இடத்தை மரச்சுத்தியால் தட்டித் தட்டையாக்கிவிட்டுப் பாதத்தின் கீழ் தள்ளினால் தையல் தாண்டாது. அடிநூல் பக்கம் கண்ணி கண்ணியாகத் தொங்கினால் குற்றம் பாபினில் இல்லை, மேல்நூலின் இறுக்கத்தில். தைப்பதற்கு முன் துணிகளைச் சேர்த்துப் பிடிக்கக் குண்டூசி கூடாது, பூச்சுத் துணியில் அந்தக் குத்தும் ஓர் ஓட்டை. துணி காயப்போடும் கிளிப் போதும். தையல் தவறிப் பிரித்தாலும் பழைய துளைகள் அப்படியே இருக்கும், துணி மன்னிப்பதில்லை. அதனால்தான் பதாகைத் துணியில் ஒத்திகை பார்ப்பது.

ஸிப்பில் 5ஆம் எண் சின்னப் பைக்கும் 8 அல்லது 10ஆம் எண் பெரிய பைக்கும் பொருந்தும். பற்கள் தேய்வதற்கு முன் ஓட்டிதான் தேயும். மணல் புகுந்து அதன் வாய் விரிந்துவிட்டால் ஸிப் மூடிய பிறகும் பின்னால் திறந்துகொள்ளும். குறடால் மெல்ல அழுத்திச் சிறிது காலம் ஓட்டலாம், பிறகு ஓட்டியை மட்டும் மாற்றலாம். அதை உருவி எடுக்க ஸிப்பின் ஒரு முனை திறந்திருக்க வேண்டும். ஆகவே அந்த முனையைத் தையலுக்குள் புதைக்காமல் ஒரு சின்னத் துணி மடிப்பால் மூடி, கையால் கெட்டித்தையல் போட்டு நிறுத்துகிறேன். பிரிக்கவும் எளிது, திரும்ப மூடவும் எளிது.

பெடரல் நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் பாதையில் மழை பிடித்துக்கொண்டால் மோட்டார்காரர்கள் பாலத்துக்கு அடியில் ஒதுங்குவார்கள், சைக்கிள்காரர்களும் சேர்ந்து ஒதுங்குவோம். 1970களில் போட்ட பாதை அது. அங்கே நின்றபடி ஒருவர் பையை ஒருவர் பார்ப்பது வழக்கம். யார் தைத்தது என்று கேட்பார்கள். சிலர் அட்டை அளவைக் கேட்டு வாங்கிப் போகிறார்கள், தயங்காமல் கொடுக்கிறேன், கூடவே உங்கள் சட்டத்தை நீங்களே அளந்து திருத்துங்கள் என்கிறேன். எங்கள் தாமானில் ஒரு பையன் கேட்டிருக்கிறான். அவன் சைக்கிள் சின்ன அளவு, முழு முக்கோணப் பை வைத்தால் தண்ணீர்ப் புட்டிக்கு இடமிருக்காது. மேல் குழாயை ஒட்டிப் பாதி உயரத்துக்கு மட்டும் ஒன்று வெட்ட வேண்டும், அடித்துணி ஒரே துண்டாக, பட்டை மூன்றுக்கு மேல் வேண்டாம். தைப்பதை அவனே செய்யட்டும் என்று சொல்லியிருக்கிறேன். முதலில் கருவிச் சுருள், அது நேராக வந்தால் பை. சனிக்கிழமை அட்டையோடு வரச் சொன்னேன், சைக்கிளையும் எடுத்து வரச் சொன்னேன்.